‘இங்’ போடுவதா, விடுவதா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். நான் எழுதிய ‘ஐ ஆம் ஹேவிங் டூ குவெஸ்சன்ஸ்’ என்பதில் வினையின் கடைசியில் வரும் இங் (ing) கூடாது என்று என் மேலாளர் அடித்துவிட்டார். அதே நாளில் அவரே ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங் அட் த்ரீ’ என்று எழுதினார். ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ தவறு என்றார். சரி என்று ‘ஐ வொர்க் ஹியர் சின்ஸ் 2019’ என்று மாற்றினால் அதுவும் தவறாம். ‘தினமும் நடப்பது ஸிம்பிள், இப்போது நடப்பது கன்டினுவஸ்’ என்று பள்ளியில் படித்தது எதற்கும் உதவவில்லை. எதை வைத்து முடிவு செய்வது? இன்னொன்று: ரெஸ்யூமேயில் ‘ஐ ஆம் வொர்க்கிங் அஸ் எ டீம் லீட்’ என்று போடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேலாளர் அடித்ததும் சரி, அவர் எழுதியதும் சரி. பள்ளியில் படித்த விதி பொய் இல்லை, ஆனால் பாதி விதி. செயல் எப்போது நடக்கிறது என்பதை மட்டும்தான் அது கேட்கிறது. அந்தச் செயல் எப்படிப்பட்டது, அதை எந்த இடத்திலிருந்து காட்டப்போகிறீர்கள் என்று கேட்பதில்லை. இங் போடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

‘ஐ லிவ் ஹியர்’, ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இன்றைய நிலையைத்தான் சொல்கின்றன. முதலாவதைக் கேட்பவர், இவருக்கு இதுதான் ஊர் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால், இப்போதைக்கு இங்கே இருக்கிறார், நாளை வேறெங்காவது போகலாம் என்று நினைப்பார். கடந்த காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ‘தி பஸ் ஸ்டாப்ட்’ என்றால் பஸ் நின்றுவிட்டது. ‘தி பஸ் வாஸ் ஸ்டாப்பிங்’ என்றால் வேகம் குறைந்துகொண்டிருந்தது, சக்கரம் இன்னும் சுழல்கிறது. கடைசியில் நின்றதா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

இங் செய்கிற வேலை இவ்வளவுதான்: நடக்கிற ஒன்றின் நடுவில் கொண்டுபோய் நம்மை நிறுத்துவது. தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. தற்காலிகம், அரைகுறை, மாறிக்கொண்டிருக்கிறது என்ற பொருள்கள் எல்லாம் அந்த நடுவிலிருந்துதான் பிறக்கின்றன. இங் இல்லாத வடிவம் அதே விஷயத்தை முழுசாக நம் கையில் கொடுத்துவிடும். அது வழக்கமாக இருக்கலாம், உண்மையாக இருக்கலாம், நடந்து முடிந்த செயலாகவும் இருக்கலாம். அதனால் எழுதும்போது இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதற்கு நடு என்று ஒன்று உண்டா? உண்டு என்றால், அந்த நடுவைத்தான் காட்ட விரும்புகிறேனா? இரண்டுக்கும் ஆம் என்றால் இங் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் போடாதீர்கள். வேண்டாத இடத்தில் விழுந்த இங் கண்ணை உறுத்துகிற அளவுக்கு, வேண்டிய இடத்தில் விட்டுப்போன இங் பெரும்பாலும் உறுத்துவதில்லை.

இப்போது உங்கள் ‘ஹேவ்’. இரண்டு கேள்விகள் உங்களிடம் இருக்கின்றன. அவை இருக்கின்றன, அவ்வளவுதான். அந்த இருப்புக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று எதுவும் கிடையாது. அதனால் ‘ஐ ஹேவ் டூ குவெஸ்சன்ஸ்’. கூட்டம் அப்படி இல்லை. தொடங்கும், நடக்கும், முடியும். மேலாளர் எழுதிய ‘ஹேவ்’ வைத்திருப்பதைச் சொல்லவில்லை, நடத்துவதைச் சொல்கிறது. இதே காரணத்தால் ‘ஹேவிங் லஞ்ச்’ சரி, ‘ஹேவிங் எ குட் டைம்’ சரி, ‘வி ஆர் ஹேவிங் டிரபிள் வித் தி லாகின் பேஜ்’ சரி. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘வி ஆர் ஹேவிங் த்ரீ ஆஃபீசஸ்’, ‘ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ மூன்றும் தவறு. தமிழில் ‘இருக்கிறது’ அல்லது ‘உண்டு’ என்று முடியக்கூடிய ‘ஹேவ்’ என்றால் இங்கைத் தொடாதீர்கள்.

இலக்கணப் புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரு நீளமான பட்டியலைக் கொடுக்கும்: நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், நீட், ரிமெம்பர், பிலீவ், சீ, ஹியர், ஸீம், ஓன், பிலாங், கன்டெய்ன் என்று. இவற்றுக்கு இங் வராது, மனப்பாடம் செய்யுங்கள் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை குறைவு. ஒரு வாரத்தில் மறந்துபோகும் என்பது ஒரு காரணம். ‘ஹேவ்’ போலவே பல வினைகள் ஒரு பொருளில் இங் ஏற்கும், இன்னொரு பொருளில் ஏற்காது என்பது பெரிய காரணம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி ஒன்று கைவசம் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை.

தமிழில் சில வினைகளுக்கு ‘நான்’ வராது, ‘எனக்கு’தான் வரும். எனக்குத் தெரியும். எனக்குப் புரிகிறது. எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு. இவை எதையும் நாம் ‘செய்வதில்லை’, நமக்கு அப்படி இருக்கிறது. மேலே சொன்ன ஆங்கிலப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், ரிமெம்பர், ஹேவ். ‘எனக்கு’ போட்டுச் சொல்கிற விஷயங்களுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இங் வராது.

இதன் அழகு இரட்டை வினைகளில் தெரியும். ‘எனக்குக் கேட்கிறது’ என்றால் ஒலி காதில் விழுகிறது. அது ‘ஐ கேன் ஹியர் யூ’. ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றால் காது கொடுத்துக் கேட்கிறேன். அது ‘ஐ ஆம் லிசனிங்’. ‘எனக்குத் திரை தெரிகிறது’ என்பது ‘ஐ கேன் சீ யுவர் ஸ்கிரீன்’. ‘நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது ‘ஐ ஆம் லுக்கிங் அட் யுவர் ஸ்கிரீன்’. இணையவழிக் கூட்டங்களில் ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’, ‘ஐ ஆம் நாட் சீயிங் யுவர் ஸ்கிரீன்’ என்று பலரும் சொல்கிறார்கள். ‘கான்ட் ஹியர்’, ‘கான்ட் சீ’ என்பதே இயல்பு. புலனில் வந்து படுவதைச் சொல்லும்போது ஆங்கிலம் இங்குக்குப் பதிலாக ‘கேன்’ என்பதைத்தான் துணைக்கு அழைக்கும்.

‘திங்க்’ என்பதும் இப்படித்தான். எனக்குத் தோன்றுகிறது என்றால் ‘ஐ திங்க்’. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘ஐ ஆம் திங்கிங்’. ‘ஐ ஆம் திங்கிங் தட் தி டிசைன் இஸ் ராங்’ என்று கருத்துச் சொல்கிற இடத்தில் எழுதினால், இன்னும் முடிவுக்கு வராதவர் போலத் தெரிவீர்கள். ‘ஐ திங்க் தி டிசைன் இஸ் ராங்’ என்று எழுதினால் அது கருத்து.

இந்தச் சோதனைக்கு ஓட்டைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். நம்புகிறேன், வெறுக்கிறேன் என்பவற்றுக்கு நாம் ‘நான்’தான் போடுகிறோம், ஆங்கிலத்தில் ‘பிலீவ்’, ‘ஹேட்’ இங் ஏற்பதில்லை. எனக்கு வலிக்கிறது என்பதற்கு ‘மை பேக் ஹர்ட்ஸ்’, ‘மை பேக் இஸ் ஹர்ட்டிங்’ இரண்டும் செல்லும். ‘ஹவ் டூ யூ ஃபீல்’, ‘ஹவ் ஆர் யூ ஃபீலிங்’ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்புறம், மனிதர் இல்லாத எழுவாய்களுக்கு ‘எனக்கு’ச் சோதனை பொருந்தாது. ஃபைலில் இன்னது அடங்கியிருக்கிறது, குழுவில் இத்தனை பேர், இந்தக் கணக்கு இன்னாருக்குச் சொந்தம் என்கிற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஸிம்பிள் போடலாம். ‘தி ஃபோல்டர் கன்டெய்ன்ஸ்’, ‘தி டீம் கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’, ‘திஸ் பிலாங்ஸ் டூ’. ‘தி டீம் இஸ் கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று எந்த நாளும் எழுதாதீர்கள்.

நான் திருத்துகிற மின்னஞ்சல்களில் அடிக்கடி வருகிற இன்னொன்று ‘யூ மஸ்ட் பி நோயிங்’, ‘யூ மே பி நோயிங்’. நேரடியாக ‘யூ நோ’ என்றால் மரியாதைக் குறைவாகப் பட்டு, கொஞ்சம் நீட்டினால் பணிவு வரும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணிவு வராது. ‘அஸ் யூ நோ’ போதும். ‘யூ ப்ராபப்ளி நோ’ என்றாலும் சரி.

வினைகளை இப்படி வகை பிரித்துப் பார்ப்பது புதிதல்ல. 1957இல் ஸீனோ வெண்ட்லர் என்ற தத்துவப் பேராசிரியர் வினைகளை நான்காகப் பிரித்தார்: தெரிந்திருத்தல் போன்ற நிலைகள், ஓடுதல் போன்ற செயல்கள், ஒரு வட்டம் வரைதல் போல முடிவுப் புள்ளி உள்ள செயல்கள், கண்டுபிடித்தல் போல நொடியில் நிகழ்பவை. நிலைகளுக்கு இங் ஒட்டாது என்பதைப் பார்த்துவிட்டோம். நொடியில் நிகழ்பவற்றுக்கு ஒட்டினால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிடும். ‘ஹி காஃப்ட்’ என்றால் ஒருமுறை இருமினார் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஹி வாஸ் காஃபிங்’ என்றால் திரும்பத் திரும்ப இருமினார். இருமலுக்கு நடு கிடையாது, ஆனால் இருமல் வரிசைக்கு நடு உண்டு. பஸ் நின்ற கதையும் இந்த இனம்தான்.

அலுவலக எழுத்துக்கு மிகவும் முக்கியமானது மூன்றாவது வகை, முடிவுப் புள்ளி உள்ள செயல்கள். ‘வி டெஸ்டட் தி பேட்ச் எஸ்டர்டே’ என்றால் சோதனை முடிந்தது. ‘வி வேர் டெஸ்டிங் தி பேட்ச் எஸ்டர்டே’ என்றால் நேற்று அந்த வேலையில் இருந்தீர்கள். முடித்தீர்களா என்று தெரியாது. படிக்கிற வாடிக்கையாளர் உடனே ‘அண்ட்?’ என்று கேட்பார். வேலையை முடித்துவிட்டு, எழுதும்போது இங் போட்டு அதை முடியாத வேலையாகக் காட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நாள் முழுக்கப் பாடுபட்டதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அந்த இங்கில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு வேண்டியது விளைவு. முடிந்ததென்றால் ‘டெஸ்டட்’, ‘ஃபிக்ஸ்ட்’, ‘சென்ட்’ என்று நறுக்கென்று முடியுங்கள். முடியவில்லை என்றால் ‘வி ஆர் ஸ்டில் டெஸ்டிங்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

கடந்த கால இங்குக்கு உரிய இடம், வேறொரு நிகழ்ச்சிக்குப் பின்புலமாக நிற்பது. ‘தி சர்வர் கிராஷ்ட் வைல் வி வேர் அப்டேட்டிங் இட்.’ புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, அதன் நடுவில் விழுந்தது. இதையே ‘வென் வி அப்டேட்டட் தி சர்வர், இட் கிராஷ்ட்’ என்று எழுதினால், புதுப்பித்தோம், அதனால் விழுந்தது என்று படிக்க இடம் இருக்கிறது. யார்மேல் பழி என்று பேசுகிற அறிக்கையில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பழைய வழக்கங்களைச் சொல்லும்போதும் இங் தேவையில்லை. ‘முன்பெல்லாம் வாராவாரம் அறிக்கை அனுப்புவோம்’ என்பதை ‘வி வேர் சென்டிங் வீக்லி ரிப்போர்ட்ஸ்’ என்று எழுதுகிறோம். ‘வி யூஸ்ட் டூ சென்ட்’ என்றோ, கடந்த கால வடிவில் வெறும் ‘வி சென்ட்’ (sent) என்றோ எழுதுங்கள்.

அடுத்து உங்கள் 2019. இங்கே தவறு இங்கில் இல்லை. அதனால்தான் இங்கை எடுத்த பிறகும் தவறு அப்படியே நின்றது. தமிழில் ‘2019லிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் அப்படித்தான், அதனால் அவர்களும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஆனால் ஆங்கிலம் பிடிவாதம் பிடிக்கும்: முன்பு தொடங்கி இன்றுவரை வருகிற காலம் என்றால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ போட்டே ஆக வேண்டும். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’, அல்லது ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019’. ‘வொர்க்’, ‘லிவ்’ போன்ற வினைகளில் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. எது வாயில் வருகிறதோ அதை எழுதுங்கள்.

மற்ற வினைகளில் அப்படி அசட்டையாக இருக்க முடியாது. ‘ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்’ என்றால் படித்து முடித்துவிட்டேன். ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்’ என்றால் படித்துக்கொண்டு வருகிறேன், முடித்தேன் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை வந்தால் இங் போகும்: ‘ஐ ஹேவ் சென்ட் த்ரீ ரிமைண்டர்ஸ்’. மூன்று நினைவூட்டல்களையும் அனுப்பி முடித்தாயிற்று, அதில் நடு ஏது? ‘எனக்கு’ வினைகள் இங்கேயும் தங்கள் குணத்தை விடுவதில்லை. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2019’ என்றுதான் எழுத வேண்டும், ‘பீன் நோயிங்’ கிடையாது.

பள்ளி விதி தலைகீழாகிற இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த நொடியில் நடக்கிறது, ஆனாலும் இங் வராது. ‘ஐ அபாலஜைஸ்’ என்று நீங்கள் எழுதும்போது எழுதுவதே மன்னிப்புக் கேட்பது. ‘ஐ கன்ஃபர்ம்’ என்று எழுதுவதே உறுதிப்படுத்துவது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜே. எல். ஆஸ்டின் என்ற தத்துவவாதி இப்படிச் சொன்னாலே செயலாகிவிடுகிற வாக்கியங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சொல்லி முடிக்கும்போது செயலும் முடிந்துவிடுவதால் நடுவே நிற்க இடமில்லை. அதனால் ‘ஐ ப்ராமிஸ்’, ‘ஐ அக்ரி’, ‘வி அக்செப்ட்’, ‘ஐ ரெகமெண்ட்’. ‘ஐ ஆம் அக்ரீயிங் வித் யூ’ என்று எழுதினால் ஒப்புக்கொண்டதாக ஆகாது, ஒப்புக்கொள்கிற வழியில் எங்கோ இருப்பதாகத்தான் ஆகும். விளையாட்டு வர்ணனையாளர் ‘ஹி ஷூட்ஸ், ஹி ஸ்கோர்ஸ்’ என்று கத்துவதும் இதையொட்டியதுதான். பந்து போவதற்குள் செயல் முடிந்துவிடுகிறது, நடுவைக் காட்ட அவருக்கு நேரம் இல்லை.

இதற்கு நேரெதிராக ‘ஐ ஆம் ரைட்டிங் டூ ஆஸ்க்’ என்று கடிதம் தொடங்குவதில் இங் இருக்கிறது. எழுதுவது கொஞ்ச நேரம் நடக்கிற செயல், நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். ‘ஐ ரைட் டூ ஆஸ்க்’ தவறில்லை, பழைய காலத்து வாசனை அடிக்கும். ‘ஐ ஆம் அட்டாச்சிங்’, ‘ஐ ஹேவ் அட்டாச்ட்’ இரண்டும் சரி. எனக்குப் பின்னது பிடிக்கும்; முக்கியமாக, அப்படி எழுதினால் ஃபைலை இணைத்தோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

எதிர்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பேசி வைத்த ஏற்பாடு என்றால் இங்: ‘ஐ ஆம் மீட்டிங் தெம் டுமாரோ’. கால அட்டவணை என்றால் ஸிம்பிள்: ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்’. யாரும் ஏற்பாடு செய்ய முடியாதவற்றுக்கு இரண்டும் இல்லை, ‘இட் வில் ரெய்ன் டுமாரோ’ என்பது போலச் சொல்ல வேண்டும்.

இங்குக்குத் தொனி என்று ஒன்று உண்டு. விதிப் புத்தகங்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கின்றன, ஆனால் வாடிக்கையாளருக்கு எழுதுகிற உங்களுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும். ‘ஐ வொண்டர்’ என்பதைவிட ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஷேர் தி ஃபைல்’ மென்மை. முடிவுக்கு வராத யோசனையாகக் காட்டுவதால் மறுப்பதற்கு எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. ‘வில் யூ ஜாயின் தி கால்?’ என்பது வேண்டுகோளாகவோ கட்டளையாகவோ படலாம். ‘வில் யூ பி ஜாயினிங் தி கால்?’ என்றால், உங்கள் திட்டம் என்ன என்று மட்டும் கேட்கிறீர்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டூ’ கொஞ்சம் முறையானது, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டூ’ கொஞ்சம் நட்பானது. இரண்டும் செல்லும், பின்னால் வினை வந்தால் ‘ஹியர்’ அல்ல, ‘ஹியரிங்’ என்று இங்கோடு வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு இங் போட்டாலே மென்மை என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை பை ஃபைவ்’ என்பதில் ஒரு துளி மென்மையும் இல்லை. கடன்காரர் வாசலில் நிற்பது போல இருக்கும். ‘குட் யூ ரிப்ளை பை ஃபைவ்?’ என்று கேட்டுவிடுங்கள். ‘ஆல்வேஸ்’ பக்கத்தில் இங் வந்தாலும் ஜாக்கிரதை. ‘யூ ஆல்வேஸ் சேஞ்ச் தி ரிக்வயர்மென்ட்ஸ்’ என்பதே குற்றச்சாட்டு மாதிரிதான். ‘யூ ஆர் ஆல்வேஸ் சேஞ்சிங் தி ரிக்வயர்மென்ட்ஸ்’ என்றால் ‘எப்போது பார்த்தாலும் இதே வேலை’ என்று தலையில் அடித்துக்கொள்கிற தொனி வந்துவிடும். பாராட்டும்போது இதே அமைப்பு அன்பாகவும் ஒலிக்கும், அது வேறு விஷயம். வாடிக்கையாளரிடம் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

‘பீயிங்’ இன்னும் குறும்பானது. ‘ஹி இஸ் ஹெல்ப்ஃபுல்’ என்றால் உதவும் குணம் உள்ளவர். ‘ஹி இஸ் பீயிங் ஹெல்ப்ஃபுல்’ என்றால் இன்றைக்கு உதவுகிறார், ஏனோ தெரியவில்லை! பாராட்டு என்று நினைத்து இப்படி எழுதினால் அது கிண்டலாகப் போய்ச் சேரலாம்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கக்கூடும்: மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் 2003இலிருந்து ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்றுதானே சொல்கிறது, ‘லவ்’ இங் ஏற்காத வினையாயிற்றே? ஏற்காததுதான். அதை வேண்டுமென்றே மீறியதால்தான் அந்த வாசகம் மனதில் ஒட்டுகிறது. பிடித்திருக்கிறது என்ற நிலையை, இதோ இந்த நிமிடம் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்ற செயலாக மாற்றுகிறது. பேச்சில் ‘ஐ ஆம் லவ்விங் திஸ் சிட்டி’ என்பார்கள், அதுவும் இந்த வகைதான். ஸ்காட்லாந்தில் ‘ஐ ஆம் வான்டிங்’ என்று சொல்பவர்களைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் இங்கின் எல்லை நிலையாக நின்றதே இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் படித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘வாட் டூ யூ ரீட்?’ என்று கேட்க முடிந்தது. இன்று அப்படிக் கேட்டால் வழக்கமாக என்ன படிப்பீர்கள் என்று பொருள். ‘தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்ற அமைப்பு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. அதற்கு முன் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் புது அமைப்பை அசிங்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். இன்று அதைத் தவறு என்று சொல்ல ஆள் இல்லை.

அதனால் ‘ஐ ஆம் ஹேவிங் டூ குவெஸ்சன்ஸ்’ என்று பேசுகிறவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல வந்தது எல்லோருக்கும் புரியத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் எழுதுவது உங்களை நேரில் அறியாத ஒருவருக்கு. அவர் உங்கள் வேலையை எடைபோட அவர் முன்னால் இருப்பது அந்த நாலு வரிகள்தான். அங்கே விளம்பரக்காரருக்குக் கிடைக்கிற சலுகை உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக ரெஸ்யூமே. ‘ஐ ஆம் வொர்க்கிங் அஸ் எ டீம் லீட்’ இலக்கணப்படி தவறில்லை. ஆனால் இப்போதைக்கு அந்தப் பொறுப்பில் இருக்கிறீர்கள், நிரந்தரமானவர் வரும்வரை என்பது போன்ற நிழல் அதில் விழும். நேர்காணலில் கேட்டால் ‘ஐ வொர்க் அஸ் எ டீம் லீட்’ அல்லது இன்னும் சுருக்கமாக ‘ஐ ஆம் எ டீம் லீட்’ என்று சொல்லுங்கள். உண்மையிலேயே தற்காலிகப் பொறுப்பு என்றால் இங்கை வைத்துக்கொள்ளுங்கள், அது பொருத்தம். எழுத்தில் ‘ஐ’யும் வேண்டாம், ‘ஆம்’மும் வேண்டாம், வரியை வினையிலேயே தொடங்கலாம். இப்போதைய வேலைக்கு ‘லீட் எ டீம் ஆஃப் சிக்ஸ்’, முந்தைய வேலைக்கு ‘லெட் எ டீம் ஆஃப் ஃபோர்’. ‘வாஸ் லீடிங்’, ‘வாஸ் ஹேண்ட்லிங்’ என்று வருகிற வரிகளை ‘லெட்’, ‘ஹேண்டில்ட்’ என்று மாற்றுங்கள். ‘வாஸ் இம்ப்ளிமென்டிங் எ நியூ பில்லிங் சிஸ்டம்’ என்று போட்டிருந்தால் அதை முதலில் திருத்துங்கள். அதைப் படிக்கிற எந்த மேலாளரும், பாதியில் விட்டுவிட்டு வந்தவர் என்றுதான் நினைப்பார்.